கேட்டி லெடெக்கியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸிடம் 23 ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது, அதே நாட்டு நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கியிடம் 9 தான். அந்த ஒன்பதிலும் நான்கு ஒரே 800 மீட்டர் பந்தயத்தில் வந்தவை. அப்படியிருக்க, நீச்சல் உலகம் அவரை ஏன் இந்த அளவுக்குத் தூக்கி வைத்துப் பேசுகிறது? அவர் அப்படி என்னதான் சாதித்தார்?

கேட்டதில் தவறே இல்லை. பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். நீச்சலில் பதக்கக் கணக்கு பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதிக் கதை கடிகாரத்தில் இருக்கிறது. அதனால் முதலில் நேரத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

பெண்கள் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 1989ல் அமெரிக்காவின் ஜானெட் எவான்ஸ் 8 நிமிடம் 16.22 வினாடி என்று ஓர் உலக சாதனை வைத்தார். அதை உடைக்க 19 ஆண்டுகள் ஆயிற்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ரெபெக்கா அட்லிங்டன் 8:14.10ல் முடித்தார். அதாவது 19 ஆண்டுகளில் உலகத்தின் அத்தனை வீராங்கனைகளும் சேர்ந்து குறைத்தது வெறும் 2.12 வினாடி. பிறகு லெடெக்கி வந்தார். 2013ல் 8:13.86. 2014ல் 8:11.00. 2015ல் 8:07.39. 2016 ஜனவரியில் 8:06.68. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், ரியோ ஒலிம்பிக்கில், 8:04.79. மூன்றே ஆண்டுகளில் 9 வினாடிக்கு மேல். ஒரே ஆள்.

நீச்சல் பழக்கமில்லாதவர்களுக்கு 9 வினாடி பெரிதாகத் தெரியாமல் போகலாம். ரியோவில் என்ன நடந்தது என்று சொன்னால் புரியும். அந்த இறுதிப் போட்டியில் இரண்டாவதாக வந்த பிரிட்டனின் ஜாஸ் கார்லின் 8:16.17ல் முடித்தார். லெடெக்கி சுவரைத் தொட்டுவிட்டு, திரும்பி, பலகையில் தன் நேரத்தைப் பார்த்து முடித்த பிறகும் மற்றவர்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். இடைவெளி 11.38 வினாடி. தூரமாகச் சொன்னால் ஏறக்குறைய 18 மீட்டர், 50 மீட்டர் குளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தொலைக்காட்சியில் கேமரா லெடெக்கியை அருகில் காட்டும்போதெல்லாம் வேறு யாருமே சட்டகத்துக்குள் வரவில்லை. அந்தப் பந்தயத்தை எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடந்த போட்டி ஒரு பந்தயம் போலவும், லெடெக்கி நீந்தியது வேறொரு பந்தயம் போலவும்தான் ஒவ்வொரு முறையும் தோன்றும்.

அதற்குப் பின்னால் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 2013 உலக நீச்சல் சாம்பியன்ஷிப் போட்டிக்குப் பிறகு அவரும் பயிற்சியாளர் புரூஸ் ஜெம்மலும் ரியோவுக்கான இலக்கைக் குறித்துக்கொண்டார்கள்: 400 மீட்டரில் 3:56, 800 மீட்டரில் 8:05. இதைச் சுருக்கி, பயிற்சியில் கால்களுக்கு இடையே வைத்துக்கொள்ளும் ‘புல் பாய்’ மிதவையில் ‘565’ என்று எழுதி வைத்துக்கொண்டார் லெடெக்கி. பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ ஒரு எண். அவருக்கு மட்டும் அர்த்தம் தெரியும். மூன்று ஆண்டுகள் அந்த மிதவையோடு பயிற்சி. ரியோவில் 400 மீட்டரை 3:56.46லும் 800 மீட்டரை 8:04.79லும் முடித்தார். இரண்டும் உலக சாதனை, இரண்டும் அந்த மூன்று இலக்கத்துக்குள் அடங்கின. ஒலிம்பிக்கில் ஜெயிக்க வேண்டும் என்று எல்லோரும்தான் ஆசைப்படுவார்கள். எத்தனை வினாடியில் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்து, அதை அப்படியே செய்து காட்டுவது வேறு.

இனி ஆரம்பத்துக்குப் போவோம். 1997 மார்ச் 17 அன்று வாஷிங்டனில் பிறந்து, பக்கத்திலேயே மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் வளர்ந்தவர். அம்மா கல்லூரிக் காலத்தில் நீச்சல் வீராங்கனை. லெடெக்கி ஆறு வயதில் நீச்சலுக்கு வந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்க அணி முழுவதிலும் வயதில் மிகச் சின்னவர் அவர்தான், 15 வயது. 800 மீட்டர் இறுதியில் உலக சாதனைக்காரர் அட்லிங்டன் சொந்த மண்ணில், சொந்த ரசிகர்களின் ஆரவாரத்துக்கு நடுவே நீந்துகிறார். முன்பின் பெரிதாகக் கேள்விப்படாத ஒரு பள்ளிச் சிறுமி தொடக்கத்திலேயே வேகமெடுத்தபோது, பின்னால் தளர்ந்துவிடுவாள் என்று நினைத்தவர்களே அதிகம். தளரவில்லை. 8:14.63ல் முடித்தார். இரண்டாம் இடம் வந்த ஸ்பெயினின் மிரேயா பெல்மோன்டே நான்கு வினாடிக்கும் மேல் பின்னால். அட்லிங்டனுக்கு வெண்கலம். எவான்ஸின் 1989 அமெரிக்க சாதனையும் அன்றோடு போயிற்று. உலக சாதனைக்கு அரை வினாடிதான் குறைவு.

வயதில் சின்னப் பிள்ளை ஒன்று ஒரே ஒரு ஒலிம்பிக்கில் மின்னிவிட்டு மறைந்துபோவது நீச்சலில் நிறைய நடந்திருக்கிறது. லெடெக்கி மறையவில்லை. அடுத்த ஆண்டு பார்சிலோனா உலகப் போட்டியில் 400, 800, 1500, 4x200 ரிலே (நான்கு பேர் ஆளுக்கு 200 மீட்டர் நீந்துவது) என்று நான்கு தங்கம். அதில் 400 மீட்டரை நான்கு நிமிடத்துக்குள் முடித்த உலகத்தின் இரண்டாவது பெண் ஆனார். அதற்கு முன் இத்தாலியின் ஃபெடெரிகா பெல்லெகிரினி மட்டுமே அதைச் செய்திருந்தார்.

2015ல் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த உலகப் போட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 200, 400, 800, 1500 நான்கையும் ஒரே போட்டியில் ஜெயித்தார், ரிலேயையும் சேர்த்து ஐந்து தங்கம். வேகப் பந்தயத்துக்கும் தொலைதூரப் பந்தயத்துக்கும் உடம்பு வேறு வேறு மாதிரி பழக வேண்டும். 200 மீட்டர் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1500 மீட்டர் கால் மணி நேரம் ஓடும். தடகளத்தில் ஒருவரே 800 மீட்டரும் 5000 மீட்டரும் ஓடி இரண்டிலும் ஜெயிப்பது மாதிரி இது. அதிலும் ஒரு நாள் மாலை 1500 மீட்டர் இறுதியில் 15:25.48 என்று உலக சாதனை வைத்துவிட்டு, அரை மணி நேரத்துக்குள் 200 மீட்டர் அரையிறுதிக்குத் திரும்பி வந்து நீந்தினார். ஆறாவது இடம், இறுதிக்குத் தகுதி பெற அது போதும். மறுநாள் அந்த 200 மீட்டரிலும் தங்கம்.

ரியோவில் 200, 400, 800 மூன்றும் அவருக்கே. ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் அதற்கு முன் ஜெயித்தவர் 1968 மெக்சிகோவில் டெபி மேயர் ஒருவர்தான். அதோடு 4x200 ரிலேயில், அணி ஆஸ்திரேலியாவுக்குப் பின்தங்கியிருந்தபோது கடைசி ஆளாகக் குளத்தில் குதித்து, முந்தி, கிட்டத்தட்ட இரண்டு வினாடி முன்னிலையோடு முடித்துக் கொடுத்தார். 4x100 ரிலேயில் ஒரு வெள்ளி.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். பெல்ப்ஸின் 23 தங்கமும் லெடெக்கியின் 9 தங்கமும் ஏன் ஒரே தராசில் நிற்காது என்றால், தொலைதூர நீச்சல்காரருக்கு ஒலிம்பிக்கில் வாய்ப்பே குறைவு. பட்டாம்பூச்சி நீச்சலும், நான்கு நீச்சல் பாணிகளும் கலந்த மெட்லியும் தெரிந்த ஒருவருக்கு 100, 200, 400 என்று வரிசையாகப் பந்தயங்கள் உண்டு, போதாததற்கு மூன்று ரிலேக்கள். பெல்ப்ஸின் 23ல் 10 ரிலேயில் வந்தவை. லெடெக்கியின் 9ல் ரிலேத் தங்கம் ஒன்றே ஒன்று, ரியோவில் வந்தது. மீதி எட்டும் தனி ஆளாக நீந்தி வாங்கியவை. பெல்ப்ஸைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தனியாக வாங்கியவையே 13, அதுவே ஒரு மலை. ஆனால் ஒப்பிடுவதாக இருந்தால் 13ஐயும் 8ஐயும் ஒப்பிடுவதுதான் நியாயம்.

அந்த எட்டும்கூடக் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வரும். ஆண்களுக்கான 1500 மீட்டர் ஒலிம்பிக்கில் 1908 முதல் இருக்கிறது. பெண்களுக்கு அது வந்தது டோக்கியோவில், 2021ல். நூறு ஆண்டுகளுக்கும் மேல் பெண்களின் நீளப் பந்தயம் 800 மீட்டரோடு நிறுத்தப்பட்டது. அந்த 800ம்கூட 1968ல்தான் வந்தது. உலகப் போட்டியில் பெண்கள் 2001லிருந்தே 1500 மீட்டர் நீந்திக்கொண்டிருந்தார்கள், ஒலிம்பிக்கில் மட்டும் இடமில்லை. ரியோ நடந்த சமயத்தில் 1500 மீட்டரின் உலக சாதனையும் உலகப் பட்டமும் லெடெக்கி கையில் இருந்தன. ஆனால் நீந்துவதற்குப் பந்தயமே இல்லை. 19 வயதில், தன் உச்சத்தில் இருந்தபோது, அவருடைய மிக வலுவான பந்தயம் பட்டியலில் இல்லாமல் போயிற்று. அவர் அதற்காகப் புலம்பியதில்லை. காத்திருந்தார்.

டோக்கியோவில் அது வந்தபோது நடந்ததைப் பாருங்கள். ஜூலை 28, 2021. அன்று காலை முதலில் 200 மீட்டர் இறுதி. நடப்புச் சாம்பியனான லெடெக்கி அதில் ஐந்தாவதாக வந்தார். அதற்கு முன் ஒலிம்பிக்கில் தனிப் பந்தயம் ஒன்றில் அவர் பதக்கமில்லாமல் குளத்தை விட்டு ஏறியதே இல்லை. இரண்டு நாள் முன்புதான் 400 மீட்டரில் ஆஸ்திரேலியாவின் அரியார்ன் டிட்மஸிடம் தோற்றிருந்தார்: டிட்மஸ் 3:56.69, லெடெக்கி 3:57.36. இந்த 200 மீட்டரிலும் டிட்மஸுக்கே தங்கம். ஐந்தாம் இடத்தின் கசப்பு வாயில் இருக்கும்போதே, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இடைவெளியில், 1500 மீட்டருக்காகத் திரும்பவும் ஸ்டார்ட்டிங் பிளாக்கில் ஏறி நின்றார். 30 லேப். 15:37.34ல் முடித்து, பெண்கள் 1500 மீட்டரின் முதல் ஒலிம்பிக் சாம்பியன் என்று பெயர் எழுதினார். சக நாட்டுக்காரர் எரிகா சல்லிவன் வெள்ளி. ரியோ மாதிரி எதிராளி இல்லாத வெற்றி அல்ல இது. உலக சாதனையும் அல்ல. ஆனால் அவருடைய வாழ்க்கையில் எந்தப் பந்தயத்தை முதலில் பார்க்கச் சொல்வேன் என்றால் இதைத்தான் சொல்வேன். மூன்று நாள் கழித்து 800 மீட்டரில் டிட்மஸையும் முந்தி மூன்றாவது தொடர் தங்கம்.

இடையில் ஒரு விஷயம். அவர் எப்படி நீந்துகிறார் என்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான பெண்கள் ஃப்ரீஸ்டைலில் இரண்டு கையையும் ஒரே தாளத்தில் போடுவார்கள். லெடெக்கியின் தாளம் சமமாக இருக்காது. வலப்பக்கம் திரும்பி மூச்செடுக்கும்போது இடக்கை முன்னால் நீண்டு, ஒரு கணம் அதன் மேல் சாய்ந்து வழுக்குவார். உடனே அடுத்த கை சட்டென்று விழும். நீண்ட, குட்டை, நீண்ட, குட்டை என்று குதிரைப் பாய்ச்சல் மாதிரி இருக்கும். ‘காலப்’ என்றே இதற்குப் பெயர். ஆண்கள் அதிகமாகப் பயன்படுத்திய முறை. இதற்குத் தண்ணீரில் உடம்பு கோணாமல் நிற்க வேண்டும். அவருடைய சமநிலை எப்படிப்பட்டது என்பதற்கு 2020ல் வந்த ஒரு காணொளி இருக்கிறது: தலையில் ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய சாக்லேட் பாலை வைத்துக்கொண்டு, குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீந்திப் போய், டம்ளரை எடுத்துக் குடிக்கிறார். விளையாட்டுக்குச் செய்ததுதான். ஆனால் நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர்கள் தலை அசையக் கூடாது என்று வாய் வலிக்கச் சொல்வதை, அந்தக் காணொளி ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

2016 முதல் 2018 வரை ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அணிக்காக நீந்தினார், அந்த அணி இரண்டு முறை தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றது. தொழில்முறை வீராங்கனையானது 2018ல்தான். அதே ஆண்டு மே மாதம் இண்டியானாபோலிஸில் 1500 மீட்டரை 15:20.48ல் முடித்தார். அவர் வருவதற்கு முன் அந்தப் பந்தயத்தின் உலக சாதனை 15:42.54. 22 வினாடிக்கு மேல் குறைத்திருக்கிறார்.

தோல்விகளையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. 2019ல் தென்கொரியாவின் குவாங்ஜூ உலகப் போட்டியில் 400 மீட்டரில் டிட்மஸிடம் தோற்றார். பிறகு உடல்நிலை கெட்டு, 1500 மீட்டர் இறுதியிலிருந்தும் 200 மீட்டரிலிருந்தும் விலகினார். கடைசியில் 800 மீட்டருக்கு வந்தார். இத்தாலியின் சிமோனா குவாதரெல்லா முந்திக்கொண்டு போகிறார், லெடெக்கி வழக்கமான லெடெக்கியாகத் தெரியவில்லை. கடைசி லேப்பில் எங்கிருந்தோ ஒரு வேகம் எடுத்து 8:13.58ல் முடித்தார். நேரத்தைப் பார்த்தால் அவருடைய சுமாரான நீச்சல்களில் ஒன்று. நோயோடு நீந்தியது என்று தெரிந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். எழுந்து நிற்கும்போது இதயத் துடிப்பு தாறுமாறாக ஏறி, தலைசுற்றலும் சோர்வும் தரும் ‘போட்ஸ்’ என்ற உடல்நலச் சிக்கல் தனக்கு 2015லேயே கண்டறியப்பட்டது என்பதை அவர் 2024ல்தான் வெளியே சொன்னார். ரியோவும் டோக்கியோவும் அதோடுதான் நடந்தன.

400 மீட்டர் உலக சாதனையை 2022ல் டிட்மஸ் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு கனடாவின் சம்மர் மெக்கின்டாஷ், மறுபடி டிட்மஸ், மறுபடி மெக்கின்டாஷ் என்று அது கைமாறியது. 2024 பிப்ரவரியில் 800 மீட்டரிலும் மெக்கின்டாஷ் அவரைத் தோற்கடித்தார். 800 மீட்டர் இறுதிப் போட்டி ஒன்றில் லெடெக்கி தோற்றது 2010க்குப் பிறகு அதுவே முதல் முறை. ‘முடிந்தது’ என்று நிறையப் பேர் எழுதினார்கள். அவருக்கு அப்போது 26 வயது. அவரோடு போட்டியிட்டவர்கள் சிலர் அவருடைய படத்தை அறையில் ஒட்டி வளர்ந்திருக்கக்கூடிய வயதுக்காரர்கள்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் டிட்மஸ், மெக்கின்டாஷ் இருவருக்கும் பின்னால் வெண்கலம். 1500 மீட்டரில் 15:30.02 என்று ஒலிம்பிக் சாதனையோடு தங்கம். ரிலேயில் வெள்ளி. அதன் பிறகு 800 மீட்டர் இறுதி, ஆகஸ்ட் 3, 2024. லண்டனில் அவர் முதல் தங்கம் வாங்கியதும் ஓர் ஆகஸ்ட் 3 தான், சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன். டிட்மஸ் கடைசி வரை விடவில்லை. லெடெக்கி 8:11.04, டிட்மஸ் 8:12.29. ஒரே நீச்சல் பந்தயத்தை நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஜெயித்தவர் அதுவரை பெல்ப்ஸ் ஒருவரே, 200 மீட்டர் மெட்லியில். பெண்களில் லெடெக்கிதான் முதல். ஒன்பதாவது தங்கத்தோடு, சோவியத் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை லாரிசா லத்தினினாவின் கணக்கைத் தொட்டார். ஒலிம்பிக் வரலாற்றில் அதற்கு மேல் தங்கம் வாங்கிய பெண் இல்லை. மொத்தம் 14 பதக்கம், அமெரிக்கப் பெண்களில் வேறு யாருக்கும் இவ்வளவு இல்லை.

உலகப் போட்டிகளில் அவருடைய தங்கம் 23. தனிப் பந்தயத் தங்கத்தில் பெல்ப்ஸின் 15ஐ 2023ல் ஃபுகுவோகாவில் 16ஆவது தங்கத்தோடு தாண்டிவிட்டார். ஆக, உங்கள் ஒப்பீட்டில் அவர் முன்னால் நிற்கும் கணக்கும் ஒன்று உண்டு.

கடைசியாக 2025. மே 3, ஃபோர்ட் லாடர்டேல். ரியோவின் 8:04.79 ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளாக அசையாமல் இருந்தது. அது அவருடைய 19 வயது நேரம். பெண் நீச்சல் வீரர்கள் பலர் தொலைதூரத்தில் உச்சம் தொடுவது ஏறக்குறைய அந்த வயதில்தான். 28 வயதில் லெடெக்கி 8:04.12 நீந்தினார். ஒவ்வொரு 50 மீட்டருக்கும் சராசரியாக 30.26 வினாடி, பதினாறு லேப்புக்கும். நல்ல பயிற்சியுள்ள ஒருவர் டைவ் அடித்து ஒரே ஒரு 50 மீட்டரை 30 வினாடியில் முடித்தாலே மூச்சிரைக்க லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த வேகத்தில் எட்டு நிமிடம்.

அடுத்த மூன்றாவது மாதம் சிங்கப்பூர் உலகப் போட்டி. மெக்கின்டாஷ் ஜூனில் 8:05.07 நீந்திவிட்டு வந்திருந்தார், சாதனைக்கு ஒரு வினாடி தூரத்தில். கூடவே ஆஸ்திரேலியாவின் லானி பாலிஸ்டர். மூவரும் ஒட்டி ஒட்டியே போனார்கள். முக்கால்வாசி தூரம் தாண்டியும் யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியவில்லை. ரியோவில் தனியாக நீந்தியவர் இங்கே இரண்டு பேரை ஒட்டியே வைத்துக்கொண்டு நீந்தினார். லெடெக்கி 8:05.62, பாலிஸ்டர் 8:05.98, மெக்கின்டாஷ் 8:07.29. 800 மீட்டரில் ஏழாவது உலகப் பட்டம். அந்தப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவரின் நேரம், 2015ல் கசானில் உலகமே வாய்பிளந்து பார்த்த லெடெக்கியின் 8:07.39ஐ விட வேகமானது.